கவரின் மேல் எழுதிய பெயர்

மதுரை,
15-3-1936

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, தங்கப்பொண்ணு எழுதிக்கொள்வது. நான் சுகம். அத்தை சுகம். அண்ணன் அழகுமலை முக்கால் சுகம், அதைக் கீழே எழுதுகிறேன். ரங்கூனில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. மார்கழியில் வந்த நாலு வரிக்குப் பிறகு உங்களிடமிருந்து துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

கவரைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். நீங்கள் கப்பல் ஏறிய இந்த மூன்று வருஷமும் உள்ளே என் எழுத்து, மேலே வேறு ஆள் எழுத்து என்றுதான் கடிதம் வரும். முதலில் அண்ணன் எழுதிக் கொடுத்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நர்சு நாகலக்ஷ்மி எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை உங்கள் பெயரை நானே எழுதியிருக்கிறேன். ‘புருசன் பேரை எழுதுற அளவுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சா இவளுக்கு’ என்று மீசையை முறுக்கியிருப்பீர்கள். நடுவில் கடல் இருப்பது நல்லதாகப் போயிற்று. கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். சும்மா எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

முதலில் அவசரமான சேதி. என் இரண்டு வருஷப் பயிற்சி முடிகிறது. சித்திரைக் கடைசியில் பரீட்சை. சேரும்போது அண்ணன் கையெழுத்துப் போட்டது, பரீட்சைக்கு அது செல்லாதாம். கல்யாணமானவளுக்குப் புருஷன் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டி சொல்லிவிட்டது. அதைக் கேட்டு எழுதியதற்குத்தான் மார்கழியில் அந்த நாலு வரி போட்டிருந்தீர்கள். அடுத்தவர் அசிங்கத்தை அள்ளுவதற்குத்தான் ஊர் நம்மைக் காலங்காலமாகக் கூப்பிட்டது, அதிலிருந்து தப்பத்தான் நான் கடல் தாண்டினேன், நீ அதையே படித்துத் தேடிப் போகிறாயா என்று. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். பொய் என்று சொல்ல முடியாத பேச்சு அது. ஆனாலும் முழு உண்மையும் இல்லை மச்சான். அதற்கும் வருகிறேன்.

அண்ணனுக்கு மாசி நடுவில் கல்லுடைக்கிற இடத்தில் பாறை சரிந்து வலது காலில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. இரண்டு நாள் லீவு போட்டு மேலூருக்குப் போனேன். அதற்குள் யாரோ சாணியும் அடுப்புக் கரியும் அப்பி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, வேக வைத்த துணியால் கட்டினேன். துணியை ஏன் சோறு மாதிரி வேக வைக்கிறாள் என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அத்தை மட்டும் சுள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது விரல் தேறி வருகிறது, அண்ணன் ஊன்றி நடக்கிறது.

இங்கே ஆஸ்பத்திரியில் எதைப் பார்த்தாலும் எனக்கு ஏன் என்று கேட்கத் தோன்றும். விஷ மருந்துப் புட்டி மட்டும் ஏன் நீலமாக, உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கிறது? கண் அசந்தாலும் கை கண்டுபிடித்துவிடுமாம். வெந்நீர்ப் பையை நோயாளி காலில் வைப்பதற்கு முன்னால் நம் முழங்கையில் ஏன் வைத்துப் பார்க்க வேண்டும்? மயக்கத்தில் கிடப்பவளுக்குச் சுடுவது தெரியாது, தோல் உரிந்த பிறகுதான் தெரியும். மருந்துச் சீட்டை மூன்று தடவை படிக்கச் சொல்கிறார்கள். புட்டியை எடுக்கும்போது ஒன்று, ஊற்றும்போது ஒன்று, புட்டியைத் திரும்ப வைக்கும்போது ஒன்று. மூன்றாவது தடவை பிசகு தெரிந்து என்ன லாபம், அதற்குள் ஊற்றியாயிற்றே என்று நாகலக்ஷ்மியைக் கேட்டேன். ஊத்தினதுதானேடி, இன்னும் யாரும் குடிக்கலையே என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் யோசித்தேன்.

நாகலக்ஷ்மியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஐயர் வீட்டுப் பெண். பதினேழு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர். இப்போது முப்பது இருக்கும், எங்கள் வார்டுக்குப் பெரிய நர்சு. அவரும் நானும் ஒரே தொட்டியில், ஒரே கார்பாலிக் சோப்பில் கை கழுவுகிறோம். முதல் மாதம் எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. என்னைத் தொட்டதற்குத்தான் கழுவுகிறாரோ என்று ஒளிந்து நின்று பார்த்தேன். டாக்டரம்மாவைத் தொட்டாலும் கழுவினார். தன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் கழுவினார். பிறகுதான் புரிந்தது. இங்கே கை கழுவுவது யாரைத் தொட்டோம் என்பதற்காக இல்லை, அடுத்து யாரைத் தொடப் போகிறோம் என்பதற்காக. நம் ஊரில் நம்மைத் தொட்டுவிட்டுக் குளிக்கிறவர்கள் எத்தனை பேர், இந்த மாதிரி ஒரு கழுவலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உங்கள் நாலு வரிக்கு என் பதில் இதுதான். அசிங்கத்தை அள்ளுகிறேன், வாஸ்தவம். ஐயர் வீட்டுப் பெண்ணும் என் பக்கத்தில் நின்று அள்ளுகிறார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மறைத்து எழுத முடியும். மனசு கேட்கவில்லை.

மேலூரிலிருந்து நான் திரும்பிய அன்று மத்தியானம் வார்டுக்குப் போனேன். நான் இல்லாத இரண்டு நாளில் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் முருகம்மாள் என்றே பெயர். ஒருத்தி மேலூர்ப் பக்கம், வயிற்றில் கட்டி, மறுநாள் காலையில் ஆபரேஷன். இன்னொருத்தி சமயநல்லூர், ஆறு வருஷம் கோயில் கோயிலாகப் போய்த் தரித்த பிள்ளை, ஏழாம் மாசம், குளிர் காய்ச்சல் என்று சேர்த்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வயிறு ஒரே அளவு. இரண்டு பேரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசைக்குத் தெற்குச் சுவர்ப் பக்கம் தலைமாடு, இன்னொன்றுக்கு வடக்குச் சுவர்ப் பக்கம். கட்டிடம் கட்டியவன் நம் ஊர்க்காரன் இல்லை போலும். வடக்கே தலை வைத்துப் படுக்க நம் பெண்கள் சம்மதிப்பார்களா? கால்மாட்டில் தலையை வைத்துப் படுப்பார்கள், நாங்கள் திருப்பிப் படுக்க வைப்போம், அந்தப் பக்கம் போனதும் பழையபடி திரும்பிக்கொள்வார்கள். தினமும் இதே கூத்து. அன்றைக்குச் சமயநல்லூர்க்காரிக்கு வடக்கு வரிசைக் கட்டில் வாய்த்திருக்கிறது. எதிரே இருந்த மேலூர்க்காரி இதைப் பார்த்துவிட்டு, புள்ளத்தாச்சி வடக்க தல வச்சுப் படுக்கப்படாது தாயி, நீ இங்கிட்டு வா, நான் அங்கிட்டுப் போறேன், அறுக்கப் போற உடம்புதான, எங்கிட்டுக் கெடந்தா என்ன என்று கட்டிலை மாற்றிக்கொண்டாள். நல்ல மனசில் செய்தது. ஆள் மாறினார்கள், பெயரும் மருந்தும் எழுதிக் கட்டில் கம்பியில் தொங்கிய டிக்கெட்டு மாறவில்லை.

நாலு மணிக்கு ஆபரேஷன்காரிக்கு வயிறு கழிய விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டும். புட்டிச் சீட்டை மூன்று தடவை படித்தேன். காப்பியில் கலந்தேன். டிக்கெட்டைப் பார்த்தேன், முருகம்மாள் என்று இருந்தது. நீதானே முருகம்மா என்றேன். ஆமா என்றாள். எங்களுக்கு உள்ள வழக்கம் என்னவென்றால், பெயரை நாம் சொல்லிக் கேட்கக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். நாம் எதைச் சொன்னாலும் மரியாதைக்கு ஆமா என்றுதான் சொல்வார்கள். அதோடு புருஷன் பெயரையும் கேட்டு டிக்கெட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதை மட்டும் நான் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணிடமும் கேட்டதில்லை. சொல்ல மாட்டாளே, சொல்ல முடியாததை எப்படிக் கேட்பது என்று எனக்கே கூச்சம். கேட்டதாக வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள். எனக்கு இது எதுக்குத் தாயி, காலைல கசப்பு மருந்துல்ல குடுத்தாக என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டரம்மா சொன்னா குடிக்கணும், வெவகாரம் பேசக் கூடாது என்றேன். நாளெல்லாம் ஏன் ஏன் என்று எல்லோர் உயிரையும் எடுக்கிற நான், அவள் கேட்ட ஒரே ஒரு ஏனுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டாள்.

நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலிலிருந்து, நர்சம்மா, எனக்கு இன்னும் எண்ணெ குடுக்கலையே, நாளைக்கு அறுக்கணும்னாகளே என்று குரல் வந்தது. ஏழு மாசக்காரிக்குப் பேதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஓடினேன். வராந்தாவில் போகும்போது ஒரு நினைப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது, வலி கண்டால் காய்ச்சலால் கண்டது என்று போய்விடும், பரீட்சையும் கெடாது என்று. நாலு எட்டு வைக்கிற நேரம்தான் அந்த நினைப்பு இருந்தது. டாக்டரம்மா அறைக்குள் போய், தப்பான ஆளுக்குக் கொடுத்துட்டேன், சமயநல்லூர் முருகம்மா, விளக்கெண்ணெய், இப்பத்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். பாதிதான் வந்தது. விளக்கேற்றுகிற நேரத்துக்கு வலி கண்டுவிட்டது. வலியை அடக்க மருந்து கொடுத்து, காலை உயர்த்திப் படுக்க வைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொன்னார் டாக்டரம்மா. இருபது நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு பன்னிரண்டு, பிறகு எட்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் புள்ள தங்கிருமா தாயி என்று என்னையே கேட்டாள். மருந்து மாற்றிக் கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் கையை விடவில்லை. விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். விடிந்த பிறகு வலி பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாயிற்று, அரை மணிக்கு ஒன்றாயிற்று, மறுநாள் மத்தியானம் நின்றே போயிற்று. டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று பிள்ளையின் நெஞ்சடிப்பு. அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. வார்டு நோட்டில் நடந்ததை உள்ளபடி எழுதி என் பெயரைப் போடச் சொன்னார். கமிட்டிக்கு இது தெரிந்தாக வேண்டும், நீ ஓடி வந்து சொன்னதையும் நானே சொல்லுவேன், ஆனால் சம்மதக் கடிதம் இல்லாமல் என்னால் ஒன்றும் பேச முடியாது என்றார். அப்புறம், இனி வார்டில் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயர், புருஷன் பெயர், ஊர் மூன்றையும் தன் வாயால் சொல்ல வேண்டும், கேட்க வேண்டியது உன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். கட்டில்களையும் திருப்பிப் போட்டாயிற்று. இப்போது ஒருத்திக்கும் வடக்கே தலை இல்லை. இத்தனை வருஷம் அது யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கேட்பது இருக்கட்டும், யார் சொல்வார்கள்? முதல் நாள் வார்டே சிரித்தது. ஒருத்தி பெயரைச் சொல்லாமல் ஜன்னல் வழியே மலையைக் காட்டினாள். ஒருத்தி, எங்க குலசாமி பேருதான் என்றாள். எந்தக் குலசாமி என்றால், அதத்தான சொல்லப்படாது என்றாள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மேலூர் முருகம்மாள் இருக்கிறாளே, அவள்தான் மடக்கினாள். நீ மொதல்ல ஒம் புருசன் பேரச் சொல்லு தாயி, பெறகு நாங்க சொல்றோம் என்றாள். வார்டு முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாகலக்ஷ்மி கைத்தொட்டியண்டை நின்றார். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்கிறார்களே, கடல் தாண்டி இருக்கிற மனுஷர், மூன்று மாசமாகக் கடிதமும் இல்லை, நான் எப்படிச் சொல்வேன் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் ஒரு தடவைகூட எங்காத்துக்காரர் பேரைச் சொன்னதில்லைடி, சொப்பனத்துலகூடச் சொன்னதில்லை, இருந்தாரா என்றார். பிறகு, கைலாசநாதன் என்று மெதுவாகச் சொன்னார். தனக்கே கேட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் வார்டு நடுவில் போய் நின்றேன். எண்ணெய் குடித்த அந்தச் சமயநல்லூர்க்காரியின் முகத்தைப் பார்த்தேன். உங்கள் பெயரைச் சொன்னேன். முணுமுணுக்கவில்லை, கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி முழுசாகச் சொன்னேன். அப்புறம் மேலூர் முருகம்மாள், நல்ல பேருதான் என்று சொல்லிவிட்டு, தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு, விருமாண்டி என்றாள். சொல்லிவிட்டுப் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். சமயநல்லூர்க்காரி, சோணைமுத்து என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலாக வந்தது, பதினாலு பேர். கல்யாணமான நாளிலிருந்து வாயில் அடைத்து வைத்திருந்தது போலச் சொன்னார்கள். ஒருத்தி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பர்மாக்காரப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா? சொன்னால் அந்தப் புருஷர்கள் எத்தனை வயது வரை இருக்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள், எனக்கு அது தெரிய வேண்டும்.

துணிச்சலாகச் சொல்லிவிட்டேனே தவிர, மத்தியானத்துக்குள் பயம் பிடித்துக்கொண்டது. சாயந்திரம் நாகலக்ஷ்மியோடு மீனாட்சி கோயிலுக்குப் போனேன். உள்ளே போக நமக்கு இன்னும் வழி இல்லை, கோபுரத்துக்கு வெளியில் நின்று கும்பிட்டேன். அவர் உள்ளே போய் எனக்குக் குங்குமம் வாங்கி வந்து கொடுத்தார். தான் வைத்துக்கொள்ள முடியாததை மடித்து எடுத்து வந்து கொடுத்தார். தினமும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.

கோபத்தால் எழுதாமல் இருக்கிறீர்களா, இல்லை உடம்புக்கு ஏதாவதா? கோபம் என்றால் பெரிய சந்தோஷம். நன்றாகக் கோபப்படுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடமிருந்து இதுவரை வந்த கடிதம் எல்லாம் அண்ணன் பெயருக்குத்தான் வந்தது. என் பெயர் ஒரு கவரிலும் இருந்ததில்லை. அடுத்த கப்பலுக்கு ஒரு கவர் போடுங்கள். அதன் மேல் உங்கள் கையால் நர்சு தங்கப்பொண்ணு என்று எழுதுங்கள். உள்ளே வெறும் தாளை மடித்து வைத்தாலும் சரி. அந்தக் கவரையே சம்மதம் என்று காட்டினால் போதுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், சிரித்துவிட்டு, கொண்டு வா, கமிட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவர்களுக்கு அது சம்மதம். எனக்கு, நான் வாய்விட்டுச் சொன்னதால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அத்தாட்சி. சித்திரை முடிவதற்குள் வந்துவிட வேண்டும்.

வெளியில் நின்று கும்பிட்டவள் குரலும் மீனாட்சி காதில் விழுந்திருந்தால் நீங்கள் நூறு வயது இருப்பீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள்.

பெயர்: தங்கப்பொண்ணு.
கணவர் பெயர்: காசிமாயன்.
ஊர்: மேலூர்.

மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.